பேஸ் கிட்டார் வாங்கணும். கையும் சின்னது, பட்ஜெட்டும் சின்னது: 30 இன்ச் பேஸ் கைகொடுக்குமா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது, பைக் இ.எம்.ஐ. எல்லாம் போக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 25,000 ரூபாய் கையில் வைத்திருக்கிறார். ரொம்ப நாள் ஆசை, பேஸ் கிட்டார். ஆன்லைனில் 'அதிகம் விற்பனையாகும் பேஸ்' என்று வந்த முதல் மாடலை ஆர்டர் போட்டுவிட்டார். பெட்டியைப் பிரித்துத் தோளில் மாட்டினால் நெக் நீண்டுகொண்டே போகிறது. முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால் நாலாவது ஃப்ரெட்டுக்குச் சுண்டு விரல் எட்டவில்லை. இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வலி. மூன்றாவது மாதம் கிட்டார் பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறது. "நமக்கு மியூசிக் வராது போல" என்ற முடிவுக்கும் அவர் வந்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பேஸ் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்ட யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கதை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பல நேரம் பிரச்சினை ஆளிடம் இல்லை, அளவில் இருக்கிறது. சட்டைக்குச் சைஸ் இருப்பதுபோல பேஸ் கிட்டாருக்கும் சைஸ் உண்டு. அந்தச் சைஸைப் பார்க்காமல் வாங்குவதில்தான் பணமும் ஆசையும் சேர்ந்து வீணாகின்றன.

கையளவு பட்ஜெட்டில் 'ஷார்ட் ஸ்கேல்' பேஸ் வாங்குவது எப்படி? கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து எதையெல்லாம் சரிபார்க்கலாம்? பார்ப்போம்.

முதலில், ஸ்கேல் என்றால் என்ன?

நம்ம ஊரில் இந்த வார்த்தைக்கு மூன்று அர்த்தம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பது ஒரு ஸ்கேல். 'சி மேஜர் ஸ்கேல்' என்று மியூசிக் வாத்தியார் சொல்வது இன்னொன்று. பேஸ் கிட்டாரின் 'ஸ்கேல் நீளம்' மூன்றாவது. கம்பி அதிரும் பகுதியின் நீளம்தான் அது. நெக்கின் தலைப்பகுதியில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை 'நட்'. உடம்பில் கம்பிகள் உட்காரும் இடம் 'பிரிட்ஜ்'. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமே ஸ்கேல் நீளம்.

லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' 34 இன்ச். அதற்குப் பிறகு அந்த 34 இன்ச்தான் உலகம் முழுக்க வழக்கமான அளவாக நிலைத்துவிட்டது. கடையில் சுவரில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான், இதை 'லாங் ஸ்கேல்' என்பார்கள். 32 இன்ச் பக்கம் இருந்தால் 'மீடியம் ஸ்கேல்'. 30 இன்ச் பக்கமும் அதற்குக் கீழும் வந்தால் 'ஷார்ட் ஸ்கேல்'.

நாலு இன்ச்தானே வித்தியாசம், அதில் என்ன வந்துவிடப்போகிறது? அந்த நாலு இன்ச் எல்லா ஃப்ரெட்டுக்கும் பங்குபோட்டுக் குறைகிறது. 34 இன்ச் பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 30 இன்ச் பேஸில் அதே தூரம் 11.4 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் என்பது படிக்கும்போது சின்ன விஷயம். சுண்டு விரல் எட்டுமா எட்டாதா என்ற கேள்வி வரும்போது அதுதான் எல்லாம்.

சப்பாத்திக் கட்டை டெஸ்ட்

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், செலவு பூஜ்யம். ஒரு நீளமான பேப்பர் துண்டில் வரிசையாக நாலு கோடு போடுங்கள். முதல் கோட்டிலிருந்து 4.6 செ.மீ., 8.9 செ.மீ., 13 செ.மீ. தூரங்களில் அடுத்த மூன்று கோடுகள். இதுதான் 34 இன்ச் பேஸின் முதல் நாலு ஃப்ரெட். இன்னொரு துண்டில் 4 செ.மீ., 7.8 செ.மீ., 11.4 செ.மீ. என்று போடுங்கள். இது 30 இன்ச்.

ஒவ்வொரு துண்டையும் சப்பாத்திக் கட்டையில் நீளவாக்கில் ஒட்டி, இடது கையால் கிட்டார் நெக் மாதிரிப் பிடியுங்கள். கட்டைவிரல் பின்னால், மற்ற நாலு விரல்களும் ஆளுக்கொரு கோட்டில். மணிக்கட்டை ரொம்ப வளைக்காமல் இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். கட்டை உண்மையான நெக்கைவிடக் கொஞ்சம் தடிமன்தான். அதனால் "முடியுதா, முடியலையா" என்று பார்க்காதீர்கள். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே கை உணரும் வித்தியாசத்தைப் பாருங்கள்.

இரண்டிலும் கை நிதானமாக இருந்தால் உங்களுக்கு எந்த அளவும் சரி. 34 இன்ச்சில் இழுத்துப் பிடித்து, 30 இன்ச்சில் மூச்சு விட முடிகிறது என்றால், மேற்கொண்டு படியுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கை சின்னதாக இருந்தால் 34 இன்ச் வாசிக்கவே முடியாது என்பதும் தவறு. நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பேஸில், கீழ்ப் பகுதி ஸ்வரங்களுக்கு நாலு விரலை நாலு இடத்தில் நீட்ட மாட்டார்கள். ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று இடங்களில் வைத்து, கையை நகர்த்தி வாசிப்பார்கள். அதே முறையை பேஸ் கிட்டாரிலும் பழகலாம். ஏ.ஆர்.ரஹ்மானின் மேடைகளில் வாசித்த மோகினி டே, நாலு கம்பியையும் தாண்டி ஐந்து கம்பி பேஸையே அநாயாசமாகக் கையாள்பவர். ஆக, ஷார்ட் ஸ்கேல் கட்டாயம் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்து ராத்திரி அரை மணி நேரம் மட்டும் பயிற்சி எடுப்பவருக்கு, அந்த அரை மணி நேரம் வலியோடு போராடாமல் இருப்பது முக்கியம். பகல் முழுக்க கட்டிங் டேபிளிலோ, தையல் மெஷினிலோ, கீபோர்டிலோ கை ஓய்ந்திருந்தால் இன்னும் முக்கியம்.

(விரல் மரத்துப்போவது, வலி விடாமல் தொடர்வது என்றால் வாத்தியத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.)

'சின்னப் பசங்க கிட்டார்' என்று சொல்கிறார்களே?

சொல்வார்கள். கடையிலும் சொல்வார்கள், பேண்டில் இருக்கும் நண்பரும் சொல்வார். அவர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள்.

1961. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். கிளப்களில் ராத்திரி முழுக்க வாசித்துக்கொண்டிருந்த, அப்போது பெரிதாகப் பெயர் வாங்காத ஒரு இங்கிலாந்து பேண்டின் பேஸ் வாசிப்பவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வந்த பால் மெக்கார்ட்னிக்கு ஒரு பேஸ் தேவை. ஃபெண்டர் பேஸ் விலை சுமார் 100 பவுண்டு, அவ்வளவு காசு இல்லை. வயலின் வடிவத்தில் இருந்த 'ஹாஃப்னர் 500/1' சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்தது. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம் என்பதால், திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். அந்த ஹாஃப்னர், 30 இன்ச் ரகம். ஷார்ட் ஸ்கேல்.

அந்த பேண்ட்தான் தி பீட்டில்ஸ். 1961-ல் வாங்கிய அந்த பேஸ் 1972-ல் லண்டனில் திருடுபோனது. 50 வருஷங்களுக்கும் மேல் கழித்து, அது கிடைத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தபோது உலகச் செய்தியானது. அது முதலில் வாங்கப்பட்டதோ, பட்ஜெட் பார்த்து.

அவர் மட்டும் இல்லை. 'க்ரீம்' பேண்டின் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் இ.பி.3 ஷார்ட் ஸ்கேல்தான். ஃபெண்டரே 1966-ல் 'மஸ்டாங் பேஸ்' என்று 30 இன்ச் மாடலை இறக்கியது. 'டாக்கிங் ஹெட்ஸ்' பேண்டின் டினா வேமவுத் மேடைகளில் அதை வாசித்திருக்கிறார். ஆகவே "இது சின்னப் பசங்க அயிட்டம்" என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

சத்தத்தில் என்ன மாறும்?

கொஞ்சம் இயற்பியல், பயப்படாதீர்கள். ஒரே தடிமன் உள்ள கம்பியை ஒரே சுருதியில் கட்டினால், நீளம் குறையக் குறைய இழுவிசையும் குறையும். நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது கணக்கு. 34-லிருந்து 30 இன்ச்சுக்கு வந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைகிறது. அதனால் இரண்டு விஷயம் நடக்கும்.

ஒன்று, கம்பி மெத்தென்று இருக்கும். அழுத்த அதிக பலம் வேண்டாம், வளைக்கச் சுலபம். அதே நேரம் ஓங்கி அடித்தால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'கிர்ர்' என்று இரையும். கை மென்மையாக வாசிக்கப் பழக வேண்டும்.

இரண்டு, ஒலியின் குணம். லாங் ஸ்கேலில் வரும் கணீரென்ற, கம்பி உலோகம் தெரிகிற ஓசை குறையும். உருண்டையான, 'தும்... தும்...' என்ற ஓசை கூடும். பழைய பாட்டுகள், மெல்லிசை, கொயர், ரெக்கே போன்றவற்றுக்கு அது அழகாகப் பொருந்தும். டியூனைக் கீழே இறக்கி வாசிக்கும் ஹெவி மெட்டலுக்கும், தாழ்ந்த 'பி' கம்பி வேண்டும் என்பவர்களுக்கும் ஷார்ட் ஸ்கேல் சரிப்படாது. கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். அவர்கள் 34 இன்ச்சே பார்க்கலாம்.

பேஸ் என்ன வேலை செய்கிறது என்று காது பழக, 80-களின் இளையராஜா பாடல்களைப் போல ஒரு பாடப்புத்தகம் கிடையாது. 'பயணங்கள் முடிவதில்லை', 'நினைவெல்லாம் நித்யா' (இரண்டும் 1982) படங்களின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை, தனி மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே போகும். ரஹ்மானின் பாடல்கள் பலவற்றில் வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸையும் தேடிக் கேளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் தடித்த 'இ' கம்பியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. யூடியூபில் பேஸ் ரிவ்யூ பார்க்கும்போதும் இதே கதைதான். ஹெட்போன் இல்லாமல் பார்த்தால் 8,000 ரூபாய் பேஸும் 80,000 ரூபாய் பேஸும் ஒன்றுபோலவே கேட்கும்.

எந்த மாடல்களைத் தேடலாம்?

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் விலைப் பட்டியலைவிட, தேட வேண்டிய பெயர்களும் அளவுகளும் உதவும்.

ஐபனெஸ் ஜி.எஸ்.ஆர்.எம்.20 ('மைக்ரோ'): 28.6 இன்ச். இந்தப் பட்டியலில் மிகச் சின்னது. இரண்டு பிக்கப் இருப்பதால் ஒலியை மாற்றிக்கொள்ள வசதி. முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை 10.9 செ.மீ.தான். அளவு சின்னது என்பதால் 'இ' கம்பி இன்னும் தளர்வாக இருக்கும்.

ஸ்குவையர் ப்ராங்கோ: 30 இன்ச். ஒரே பிக்கப், இரண்டே திருகு. எளிமையான வாத்தியம்.

ஐபனெஸ் டால்மன் டி.எம்.பி.30: 30 இன்ச். பழைய காலத்துத் தோற்றம், இரண்டு பிக்கப்.

கிரெட்ச் ஜூனியர் ஜெட்: 30.3 இன்ச். உருண்டையான ஒலி பிடித்தவர்களுக்கு.

எபிஃபோன் இ.பி.0: 30.5 இன்ச். இரண்டு கொம்பு வைத்த வடிவம். செகண்ட் ஹேண்டில் கண்ணில் படலாம். இதன் 'தலை கனக்கும்' குணத்தைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

ஹாஃப்னர் இக்னிஷன்: மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவத்தின் பட்ஜெட் வாரிசு. பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டலாம்.

இவை தவிர, நம் நாட்டு ஆன்லைன் கடைகளில் குறைந்த விலையில் வேறு பிராண்டுகளும் கிடைக்கும். அங்கேதான் ஒரு எச்சரிக்கை.

'12-வது ஃப்ரெட்' கேள்வி

விற்பனைப் பக்கங்களில் 'காம்பாக்ட்', 'மினி', 'பிகினர்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஸ்கேல் நீளத்தை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். சில இடத்தில் மொத்த நீளத்தை ஸ்கேல் என்று தப்பாகப் போட்டிருப்பார்கள். இதற்கு ஒரே கேள்வி போதும்:

"நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து சொல்றீங்களா?"

12-வது ஃப்ரெட் என்பது ஸ்கேல் நீளத்தின் சரி பாதி. வரும் பதிலை இரண்டால் பெருக்குங்கள். 38.1 செ.மீ. என்றால் 30 இன்ச் பேஸ். 43.2 செ.மீ. என்றால் 34 இன்ச். 36.3 செ.மீ. என்றால் 28.6 இன்ச். செகண்ட் ஹேண்ட் விற்பவரிடம், இன்ச் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளந்து அனுப்பத் தயங்குபவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

25,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, மொத்தக் காசையும் வாத்தியத்திலேயே போட்டுவிடுவது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் ஆம்ப் இல்லை, கேபிள் இல்லை, கம்பி உயரமாக இருக்கிறது என்று தெரியும். ஒரு மாதிரிக் கணக்கு:

வாத்தியத்துக்கு 17,000. செட்டப் வேலைக்கு 2,000. நல்ல கம்பி செட்டுக்கு 2,500. ஹெட்போன் ஆம்ப் அல்லது அதற்கு இணையான ஒன்றுக்கு 2,500. கேபிள், ஸ்ட்ராப் இரண்டுக்கும் 1,000. டியூனர் தனியாக வாங்க வேண்டாம், போனில் இலவச ஆப் போதும்.

உங்கள் தொகை 15,000 என்றாலும், 40,000 என்றாலும் இதே விகிதம் பொருந்தும். மூன்றில் இரண்டு பங்கு அல்லது கொஞ்சம் கூட வாத்தியத்துக்கு, மீதி அதை வாசிக்கத்தக்கதாக ஆக்குவதற்கு. செட்டப் செய்த மலிவான பேஸ், செட்டப் செய்யாத விலை உயர்ந்த பேஸைவிட விரலுக்கு இதமாக இருக்கும்.

ஆம்ப் விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் சாதாரண கிட்டார் ஆம்ப் இருக்கிறது, அதிலேயே பேஸைச் சொருகலாமா? மெதுவான சத்தத்தில் பரவாயில்லை. சத்தத்தைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். தாழ்ந்த ஒலிகளுக்காகச் செய்த ஸ்பீக்கர் இல்லை அது. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் ராத்திரி பத்து மணிக்குப் பயிற்சி எடுக்க ஹெட்போன்தான் சிறந்த வழி, பக்கத்து வீட்டோடு சண்டையும் வராது.

'செட்டப்' என்றால் என்ன பண்ணுவார்கள்?

நெக்குக்குள் 'ட்ரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பி இருக்கும். அதைத் திருகி நெக்கின் வளைவைச் சரிசெய்வது முதல் வேலை. பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது இரண்டாவது. 12-வது ஃப்ரெட்டில் சுருதி சரியாக வருகிறதா என்று பார்த்து ஒவ்வொரு கம்பிக்கும் நீளத்தை நுணுக்கமாகத் திருத்துவது மூன்றாவது.

உங்கள் பேஸுக்கு இது தேவையா என்று நீங்களே பார்க்கலாம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருந்தால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. சந்தே இல்லை, அல்லது மூன்று நாலு கார்டு நுழைகிறது என்றால் வேலை இருக்கிறது. 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2.5 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி. முன்பின் செய்ததில்லை என்றால் ட்ரஸ் ராடை நீங்களாகத் திருகாதீர்கள். தெரிந்தவர்களே ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக மாட்டார்கள்.

கம்பி வாங்கும்போது பெட்டியில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று இருக்கிறதா பாருங்கள். நீளமான கம்பியை வாங்கி வெட்டிப் போடலாம் என்று தோன்றும். தடித்த பகுதி டியூனிங் முளையில் சுற்றும்படி ஆகிவிட்டால் கம்பி சரியாக உட்காராது, மேல் சுற்று பிரிந்து ஓசையும் செத்துப்போகலாம். 'இ' கம்பி ரொம்பத் தளர்வாக இருக்கிறது என்றால் ஒரு படி தடித்த செட் போட்டுப் பாருங்கள். பழைய பாட்டின் 'தும்' வேண்டும் என்றால் 'ஃப்ளாட்வூண்ட்' கம்பி. விலை கூட, ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

தோல் நம்ம ஊரில், ஸ்ட்ராப் எதற்கு வெளியில்?

ஷார்ட் ஸ்கேல் பேஸ்கள் சிலவற்றில், குறிப்பாக இ.பி. வடிவத்தில், ஒரு குறை உண்டு. கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். உடம்பு லேசு, தலை கனம். சாயும் நெக்கை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசித்தால், சின்ன பேஸ் வாங்கியதன் பயனே போய்விடும். வலி திரும்பி வந்துவிடும்.

இதற்கு மருந்து, அகலமான தோல் ஸ்ட்ராப். கூட வரும் நைலான் பட்டை சட்டை மேல் வழுக்கும். தோலின் சொரசொரப்பான உள்பக்கம் தோளைப் பிடித்துக்கொள்ளும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் வேலை தெரிந்த ஊர்களில் இருந்துகொண்டு இதை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பெல்ட், பை தைப்பவரிடம் சொன்னால் போதும். மூன்று இன்ச் அகலம். தோள்மேல் வரும் பகுதியில் சொரசொரப்புப் பக்கம் உள்ளே. இரண்டு முனையிலும் சின்ன ஓட்டையும் அதிலிருந்து ஒரு கீறலும், கிட்டாரின் பட்டன் இறுக்கமாக நுழையும்படி. முனைகளுக்கு மட்டும் விறைப்பான, மரப்பட்டையில் பதனிட்ட தோல் கிடைத்தால் நல்லது. மெத்தென்ற குரோம் தோலில் ஓட்டை சீக்கிரம் பெரிதாகும், ஒருநாள் பேஸ் கீழே விழும். கையோடு உங்கள் பேஸையும் கொண்டுபோய்ப் பட்டன் அளவைக் காட்டிவிடுங்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது?

ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா பக்கம் ஷார்ட் ஸ்கேல் பேஸைத் தொட்டுப் பார்த்து வாங்குவது கஷ்டம். வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து சென்னைக்கு ஒரு நாள் போய் வருவது நல்ல முதலீடு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வந்து சேர்ந்தது அந்த வாலாஜா ரோட்டுக்குத்தான். சென்னை அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் 'மியூசி மியூசிக்கல்' உட்பட நகரின் வாத்தியக் கடைகளுக்கு முதலில் போன் செய்யுங்கள். "30 இன்ச் ஸ்கேல் பேஸ் இப்போ ஸ்டாக்ல இருக்கா, வாசிச்சுப் பார்க்கலாமா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போய்விட்டு வெறும் கையோடு திரும்புவதைவிட அது நல்லது.

கடையில், அல்லது பழைய பேஸ் விற்பவர் வீட்டில், பத்து நிமிடம் போதும்:

நின்றுகொண்டு ஸ்ட்ராப்பில் மாட்டி, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். நெக் சாய்கிறதா?

நெக்கை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். லேசான வளைவு பரவாயில்லை, சரிசெய்யலாம்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வரிசையாக வாசியுங்கள். எங்கேயாவது ஓசை செத்துப்போகிறதா?

ஃப்ரெட் ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். கீறினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். விலை பேச அது ஒரு காரணம்.

ஆம்பில் சொருகித் திருகுகளைத் திருப்புங்கள். 'கரகர' என்று வந்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது.

பிரிட்ஜில் நாலு கம்பிக்கு நாலு சாடில் இருக்கிறதா பாருங்கள். சில மலிவான மாடல்களில் இரண்டே இருக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகச் சுருதி திருத்த முடியாது.

ஆன்லைனில்தான் வாங்குகிறீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் கால அவகாசத்தை முதலில் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். வந்த அன்றைக்கே இன்ச் டேப்பும் விசிட்டிங் கார்டும் வைத்து மேலே சொன்னதைச் சரிபாருங்கள்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு விஷயம்: வெயில். வேலூர் பக்கத்துக் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பூட்டிய காரிலோ, மொட்டைமாடி அறையிலோ, ஜன்னல் வெயிலிலோ வாத்தியத்தை வைக்காதீர்கள், நெக் வளைந்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்தால், வியர்வை கம்பியைத் தின்னாது.

சர்ச் கொயரிலோ, காலேஜ் பேண்டிலோ, கச்சேரி ஆர்கெஸ்ட்ராவிலோ இருப்பது 34 இன்ச் பேஸ் என்றால் என்ன செய்வது? கவலை வேண்டாம். ஸ்வரங்களின் இடமும் வரிசையும் இரண்டிலும் ஒன்றுதான், இடைவெளி மட்டும்தான் மாறும். ஷார்ட் ஸ்கேலில் ஆறு மாதம் வலியில்லாமல் பழகிய கை, பெரியதற்கு மாறுவது, பெரியதில் இரண்டு வாரத்தில் விட்டுவிட்ட கை மறுபடி தொடங்குவதைவிட எவ்வளவோ சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஆர்டர் பட்டனைத் தொடாதீர்கள். முதலில் சப்பாத்திக் கட்டையை எடுங்கள்.